தண்டுவடத்தில் வலிச் செய்தி கையாளப்படுவதை ஆய்வகத்தில் எப்படி அறிகிறார்கள்?

உடலியல் முதுகலை மாணவர் ஒருவரின் கேள்விக்கான விடை இது. காயம் தரும் தூண்டுதலைத் தண்டுவடம் எப்படிக் கையாள்கிறது என்பதை எந்தெந்த ஆய்வக முறைகளால் அறிகிறார்கள் என்றும், மின்பதிவுக் கருவிகள் இல்லாத கல்லூரி ஆய்வகம் ஒன்றில் அவற்றுள் எதைக் கொண்டு தொடங்கலாம் என்றும் அவர் கேட்டிருக்கிறார். முறைகளை வெறும் பட்டியலாகத் தந்தால் பாடநூலைத் திரும்பச் சொல்வதாகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் உண்மையில் எதை அளக்கிறது, அளக்கும் வேளையில் தண்டுவடம் எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டையும் முன்னிறுத்தி எழுதுகிறேன். இத்துறையில் எழுந்த சச்சரவுகளில் பல, இவ்விரண்டையும் மறந்துவிட்டு முடிவுகளை ஒப்பிட்டதால் வந்தவை என்பது என் கருத்து.

உடலைக் காயப்படுத்தும் தூண்டுதலை நரம்பு மண்டலம் கண்டறிந்து கடத்துவது ஒன்று. வலி என்னும் அனுபவம் வேறொன்று. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்தி வெளியிட்ட வரையறையின் குறிப்புகளும் இவ்விரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள் என்றே சொல்கின்றன. தண்டுவட ஆய்வு முறைகள் எல்லாம் முதலாவதையே அளக்கின்றன: ஒரு செல்லின் மின் துடிப்பு, ஒரு சவ்வின் வழியே பாயும் மின்னோட்டம், செல்லின் உட்கருவில் தோன்றும் ஒரு புரதம், ஒரு தசையின் சுருக்கம், ஒரு விலங்கு தேர்ந்துகொள்ளும் அறை. இவற்றிலிருந்து வலியைப் பற்றிச் சொல்வது அனுமானம்தான். எந்த அளவுக்கு நியாயமான அனுமானம் என்பதே கேள்வி.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோலிலிருந்து வரும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் பின்கொம்பில், அதாவது அதன் சாம்பல்நிறப் பகுதியின் பின்புறத்தில், முடிகின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த ப்ரோர் ரெக்செட் 1952-இல் பூனையின் தண்டுவடத்தைச் செல்களின் உருவத்தையும் நெருக்கத்தையும் கொண்டு 10 அடுக்குகளாகப் பிரித்தார். இன்றும் ஆய்வாளர்கள் அந்த எண்களையே பயன்படுத்துகிறார்கள். மெதுவாகக் கடத்தும் சி இழைகளும் மெல்லிய ஏ-டெல்டா இழைகளும் பெரும்பாலும் முதல் இரண்டு அடுக்குகளில் முடிகின்றன. மெல்லிய தொடுதலைக் கொண்டுவரும் தடித்த ஏ-பீட்டா இழைகள் அதற்குக் கீழே, மூன்றாம் அடுக்கிலிருந்து ஆழமாகச் செல்கின்றன. முதல் அடுக்கில் மூளைக்குச் செய்தி அனுப்பும் நியூரான்கள் சுமார் 5 விழுக்காடுதான். மற்றவை அக்கம்பக்கத்துச் செல்களோடு மட்டும் இணையும் இடைநியூரான்கள். இரண்டாம் அடுக்கில் ஏறத்தாழ எல்லாமே இடைநியூரான்கள். மேலிரு அடுக்குகளிலும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான நியூரான்கள் காபா, கிளைசின் ஆகிய வேதிப்பொருள்களை வெளியிட்டு மற்றவற்றை அடக்குபவை. ஆகவே தண்டுவடத்தைத் தோலிலிருந்து மூளைக்குப் போகும் வெறும் கம்பியாகக் கருத முடியாது. அங்கே நடப்பதில் பெரும்பகுதி உள்ளூர்ச் செல்களின் கொடுக்கல் வாங்கல்; அதைப் பிரித்தறிவதே ஆய்வு முறைகளின் சவால்.

பழமையானதும் இன்றும் மதிப்புக் குறையாததுமான முறை, மயக்கத்தில் இருக்கும் விலங்கின் தண்டுவடத்தில் மின்முனையை இறக்கி ஒற்றை நியூரானின் துடிப்புகளைப் பதிவு செய்வது. எலியை மயக்க வாயுவில் வைத்து, முதுகெலும்பின் பின்வளைவுகளை அகற்றி, இடுப்புப் பகுதித் தண்டுவடத்தை வெளிப்படுத்தி, டங்ஸ்டன் மின்முனையை மைக்ரோமீட்டர் மைக்ரோமீட்டராக இறக்குவார்கள். ஆய்வாளர் பின்னங்காலின் பாதத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார்; அந்தத் தட்டலுக்குத் துடிக்கும் செல் கிடைத்ததும் நிறுத்தி, தூரிகைத் தடவல், கிள்ளல், சூடு, பாதத்தில் மின்தூண்டல் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பார். சாதாரணத் தொடுதலில் தொடங்கிக் காயம் தரும் அழுத்தம் வரை எல்லாவற்றுக்கும், தூண்டுதலின் வலிமைக்கேற்ப அதிகரித்துத் துடிக்கும் நியூரான்கள் ஐந்தாம் அடுக்கில் ஏராளம். இவற்றை அகல்வீச்சு நியூரான்கள் என்று அழைக்கலாம்.

இந்தப் பதிவின் அழகு நேரக் கணக்கில் இருக்கிறது. ஒரே மின்தூண்டல் எல்லா இழைகளையும் ஒன்றாக எழுப்பினாலும், அவை கடத்தும் வேகம் வேறு. எலியின் பாதத்திலிருந்து தண்டுவடம் வரையிலான தூரம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். ஏ-பீட்டா இழைகள் அதைச் சில மில்லி நொடிகளில் கடந்துவிடும். நொடிக்கு 1 மீட்டர் அல்லது அதற்கும் குறைவான வேகமுள்ள சி இழைகளுக்கு 100 மில்லி நொடிக்கு மேல் ஆகும். எனவே தூண்டலுக்குப் பின் 20 மில்லி நொடிக்குள் வரும் துடிப்புகளை ஏ-பீட்டாவுக்கும், 20 முதல் 90 வரை வருபவற்றை ஏ-டெல்டாவுக்கும், 90 முதல் 300 வரை வருபவற்றை சி இழைகளுக்கும் உரியவை என்று பிரித்து, 300 முதல் 800 வரை நீள்பவற்றைப் பின்துடிப்பு என்று தனியே எண்ணுவது லண்டன் ஆய்வகங்களிலிருந்து பரவிய வழக்கம். ஒரே செல்லிலிருந்து, ஒரே தூண்டலில், மூன்று வகை இழைகளின் பங்கையும் தனித்தனியே பெறலாம். தண்டுவடத்தின் மேல் ஒரு துளி மருந்தை விட்டுவிட்டு, எந்தப் பகுதி குறைகிறது என்று பார்க்கலாம். மார்பின், சி இழைகளால் வரும் துடிப்புகளை வெகுவாகக் குறைத்து, ஏ-பீட்டாவால் வருபவற்றைப் பெரும்பாலும் தொடாமல் விடுவதை இப்படித்தான் காட்டினார்கள்.

இதே ஏற்பாட்டில் வேறொரு நிகழ்வும் வெளிப்பட்டது. சி இழைகள் எழும் அளவுக்கு வலுவான தூண்டலை 2 நொடிக்கு ஒருமுறை என்ற கதியில் 16 தடவை கொடுத்தால், ஒவ்வொரு தூண்டலுக்கும் கிடைக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை முந்தையதைவிடக் கூடிக்கொண்டே போகும். லோர்ன் மெண்டல் 1960-களின் நடுவில் விவரித்த இந்த ஏறுமுகம், மெதுவான நரம்பிணைப்பு மின்னழுத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் வருவது. குளூட்டமேட் என்ற கிளர்த்தும் வேதிப்பொருளைச் செல் சவ்வில் பெற்றுக்கொள்ளும் புரதங்களுள் (ஏற்பிகளுள்) ஒன்றான என்எம்டிஏ வகையைத் தடுத்தால் இந்த ஏற்றம் அடங்கிவிடுகிறது என்று 1987-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. கெட்டமைன் என்ற பழைய மயக்க மருந்தின் மேல் வலி ஆய்வாளர்களுக்குப் புது ஆர்வம் பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இந்த ஏறுமுகத்தையே நாட்பட்ட வலியின் மாதிரி என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். அது ஏற்க முடியாதது. தூண்டலை நிறுத்திய சிறிது நேரத்தில் மறைந்துவிடும் ஒன்று, மாதக்கணக்கில் நீடிக்கும் ஒன்றுக்கு விளக்கமாகாது.

முறை எப்படிக் கோட்பாட்டையே வடிவமைக்கிறது என்பதற்கு இங்கேயே ஒரு சான்று இருக்கிறது. ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல், தொடுதல் இழைகளின் செய்தி பின்கொம்பில் ஒரு வாயிலைப் போல வலிச் செய்தியை அடைக்கிறது என்னும் வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை முன்வைத்தபோது, வலிக்கென்று தனி நியூரான் தேவையில்லை, எல்லாத் தூண்டுதலும் வந்து சேரும் செல்களின் மொத்தத் துடிப்பே முடிவு செய்கிறது என்ற கருத்து அதில் இருந்தது. 1970-இல் கிறிஸ்டென்சனும் எட்வர்ட் பெர்லும் பூனையின் முதல் அடுக்கில், காயம் தரும் தூண்டுதலுக்கும் வெப்ப மாற்றத்துக்கும் மட்டுமே எழும் செல்களைப் பதிவு செய்தார்கள். இரு தரப்பின் தரவும் சரியே. மின்முனைக்கு எளிதில் சிக்குவது ஆழத்தில் உள்ள பெரிய செல். தொடுதலைத் தேடும் தூண்டுதலாகப் பயன்படுத்தினால் தொடுதலுக்கு விடையளிக்கும் செல்தான் கிடைக்கும். மெல்லிய முதல் அடுக்கில் பொறுமையாகத் தேடி, நரம்பை மின்தூண்டி அழைத்தால் வேறு செல் கிடைக்கும். இரண்டாம் அடுக்கின் சின்னஞ்சிறு செல்களோ இந்த முறைக்கு அநேகமாக அகப்படுவதே இல்லை. பல ஆண்டுகள் அந்த அடுக்கைப் பற்றிய கோட்பாடுகள் பதிவுகளைவிட அதிகமாக இருந்தன.

மயக்க மருந்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மயக்க மருந்துகளில் பல, நாம் ஆராய விரும்பும் காபா ஏற்பிகளின் மேலேயே செயல்படுகின்றன. அதோடு மூளைத்தண்டிலிருந்து பின்கொம்புக்கு இறங்கும் இழைகள் எந்நேரமும் அதன் செயல்பாட்டைக் கூட்டியும் குறைத்தும் வருகின்றன. இவற்றை விலக்க விரும்பியவர்கள் தண்டுவடத்தை மார்புப் பகுதியில் வெட்டியோ, மயக்கத்திலிருக்கும்போதே மூளையின் மேற்பகுதியை நீக்கிவிட்டுப் பின் மயக்க மருந்தை நிறுத்தியோ பதிவு செய்தார்கள். கிளிஃபர்ட் வுல்ஃப் 1983-இல் செய்த புகழ்பெற்ற சோதனை இத்தகையது. எலியின் பாதத்தில் சூட்டுக் காயம் ஏற்பட்ட பின், காலை மடக்கும் இயக்க நியூரான்களின் எதிர்வினை பெருகியது. காயம்பட்ட இடத்தை உள்ளூர் மயக்க மருந்தால் மரத்துப்போகச் செய்த பிறகும் அந்தப் பெருக்கம் மறையவில்லை. காயத்திலிருந்து செய்தி வருவது நின்ற பின்னும் மாற்றம் நீடித்தால், மாற்றம் தண்டுவடத்துக்குள்ளேயே நிகழ்ந்திருக்க வேண்டும். மையக் கூருணர்வு என்று இன்று மருத்துவர்களும் சரளமாகப் பேசும் கருத்தின் சோதனை அடிப்படை இதுதான். அவர் பதிவு செய்தது பின்கொம்பை அல்ல, இயக்க நரம்பை. ஆனாலும் சோதனையின் தர்க்கம் அதைத் தாண்டி நிற்கிறது.

செல்லுக்குள்ளேயே நுழைந்து பார்க்க வேண்டுமானால் தண்டுவடத்தை வெளியே எடுத்துச் சீவ வேண்டும். எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் உருவாக்கி 1991-இல் நோபல் பரிசு பெற்ற பேட்ச் கிளாம்ப் முறை, முனை 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வரையுள்ள கண்ணாடி நுண்குழாயைச் செல் சவ்வில் ஒட்டவைத்து, அதன் வழியே பாயும் பிக்கோ ஆம்பியர் அளவு மின்னோட்டத்தையும் அளக்கிறது. பனிக்குளிர்ச்சியான செயற்கைத் தண்டுவடத் திரவத்தில், 95 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் குமிழியிட்டுக்கொண்டிருக்க, அதிர்வுக் கத்தி கொண்ட கருவியால் 300 முதல் 600 மைக்ரோமீட்டர் தடிப்பில் சீவல்கள் எடுக்கப்படும். சீவுவதற்கு முன் உயிர்ச்செல்லுக்குச் சோடியத்தால் வரும் சேதத்தைக் குறைக்க, சோடியத்துக்குப் பதில் சர்க்கரை சேர்த்த திரவத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நுண்ணோக்கியில் இரண்டாம் அடுக்கு ஒளி ஊடுருவும் பட்டையாகத் தனித்துத் தெரியும். ஜப்பானின் யோஷிமுரா 1980-களின் இறுதி முதல் வளர்ந்த எலியின் சீவல்களில் அங்கே பதிவு செய்து, மின்முனைக்கு அகப்படாதிருந்த அந்த அடுக்கைத் திறந்துவிட்டார்.

தோலிலிருந்து வரும் இழைகள் தண்டுவடத்துக்குள் நுழையும் முதுகு வேரைத் துண்டிக்காமல் சீவலோடு சேர்த்தே வைத்திருந்தால், வேரை மின்தூண்டி எந்த இழை எந்தச் செல்லோடு நேரடியாக இணைகிறது என்று சோதிக்கலாம். இதற்கான விதிகள் கறாரானவை. ஏ-டெல்டா இழையோடு நேரடி இணைப்பு என்று சொல்ல, நொடிக்கு 20 தடவை போன்ற வேகத்தில் தூண்டினாலும் விடை வரும் நேரம் மாறாமலும் ஒன்றுகூடத் தவறாமலும் இருக்க வேண்டும். சி இழைக்கு அந்த வேகம் தாங்காது என்பதால், நொடிக்கு ஒரு தூண்டலில் எதுவும் தவறுவதில்லை என்பதே அளவுகோல். டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சால் எல்லாத் துடிப்புகளையும் நிறுத்திவிட்டு, நரம்பிணைப்பில் தானாகச் சிந்தும் சிறு மின்னோட்டங்களை எண்ணுவது மற்றொரு உத்தி: அவற்றின் எண்ணிக்கை குறைந்தால் மருந்து பெரும்பாலும் அனுப்பும் முனையிலும், அளவு குறைந்தால் பெறும் செல்லிலும் செயல்படுகிறது என்று கொள்வார்கள். மார்பின் போன்ற ஓபியாய்டுகள் இரண்டு இடங்களிலும் செயல்படுகின்றன என்று தெரிந்தது இப்படித்தான்.

சீவலில் இழப்பதும் அதிகம். தோல் இல்லை, மூளையிலிருந்து இறங்கும் இழைகள் வெட்டுப்பட்டுவிட்டன, நீளவாக்கில் ஓடும் இணைப்புகள் குறுக்குச் சீவலில் அறுந்துவிடுகின்றன. அதைவிட அடிக்கடி மறக்கப்படுவது வயது. நரம்பிழைகளைச் சுற்றிய கொழுப்பு உறையான மயலின் அடர்ந்த முதிர்ந்த தண்டுவடத்தைச் சீவுவது கடினம் என்பதால், பிறந்து இரண்டு மூன்று வாரமே ஆன குட்டிகளில் செய்த பதிவுகள் இலக்கியத்தில் குவிந்திருக்கின்றன. ஆனால் பிறந்த எலிக்குட்டியில் தொடுதல் இழைகள் இரண்டாம் அடுக்கு வரை பரவிக் கிடந்து, பின்னர்தான் ஆழத்துக்குப் பின்வாங்குகின்றன என்று மரியா ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வளர்ந்துவரும் சுற்றமைப்பில் கண்டதை முதிர்ந்த விலங்கின் வலிக்குப் பொருத்தும் கட்டுரைகளை நான் சற்று ஐயத்துடனேயே படிக்கிறேன்.

சீவல் முறை சரியான கைகளில் என்ன தரும் என்பதற்கு நரம்புக் காயத்துக்குப் பின் மெல்லிய தொடுதலே வலியாகும் நிலை பற்றிய ஆய்வைக் காட்டலாம். காபா, கிளைசின் ஏற்பிகள் திறக்கும்போது குளோரைடு அயனி செல்லுக்குள் பாய்ந்து செல்லை அடக்குகிறது. அது உள்ளே பாய வேண்டுமானால், செல்லுக்குள் குளோரைடு குறைவாக இருக்க வேண்டும். கேசிசி2 என்ற கடத்திப் புரதம் அதை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால்தான் அது சாத்தியமாகிறது. காயத்துக்குப் பின் இந்த அளவு மாறுகிறதா என்று வழக்கமான பேட்ச் கிளாம்ப் முறையில் கேட்கவே முடியாது; ஏனென்றால் செல் சவ்வைத் துளைத்ததும் நுண்குழாயில் உள்ள திரவம் செல்லுக்குள் கலந்து, ஆய்வாளர் எவ்வளவு குளோரைடு கலந்தாரோ அதுவே செல்லின் குளோரைடு ஆகிவிடும். யெவ் டி கோனின்க் குழுவினர் 2003-இல் கிராமிசிடின் என்ற நுண்ணுயிர்க் கொல்லியை நுண்குழாயில் நிரப்பினார்கள். அது சவ்வில் இடும் துளைகள் நேர்மின் அயனிகளை மட்டும் விடுகின்றன; குளோரைடு இருந்தபடியே இருக்கிறது. அப்படிப் பார்த்தபோது, நரம்புக் காயம்பட்ட எலிகளின் முதல் அடுக்குச் செல்களில் கேசிசி2 குறைந்து, குளோரைடு தேங்கி, அடக்க வேண்டிய செய்தி வலுவிழந்திருந்தது. சில செல்களில் அது கிளர்த்தும் செய்தியாகவே மாறியிருந்தது. நரம்பு மண்டலத்தின் காப்புச் செல்களான, காயத்துக்குப் பின் செயல்பாடு மாறும் மைக்ரோகிளியா செல்கள் வெளியிடும் பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியே இந்த மாற்றத்தைத் தூண்டுகிறது என்று 2005-இல் அவர்களே தொடர்ந்து காட்டினார்கள். நுண்குழாய்க்குள் இருந்த ஒரே ஒரு வேதிப்பொருளை மாற்றியதால் திறந்த வழி இது.

செல்லுக்குள் மின்முனையைச் செலுத்தாமலே எந்தச் செல்கள் எழுந்தன என்று பார்க்கும் முறையை ஸ்டீபன் ஹன்ட் குழுவினர் 1987-இல் தந்தார்கள். வலுவாகத் தூண்டப்பட்ட நியூரானின் உட்கருவில் சி-ஃபாஸ் என்ற புரதம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் சேர்கிறது. எதிர்ப்புரதத்தால் சாயமேற்றி, கரும்புள்ளிகளை எண்ணலாம். எலி விழித்திருக்கும்போதே தூண்டலாம் என்பதும், ஒரே சீவலில் எல்லா அடுக்குகளும் தெரியும் என்பதும் இதன் பலம். நிமிட அளவு நேர விவரம் இல்லை, அடக்கப்பட்ட செல் கண்ணுக்கே தெரியாது, எழுந்த செல்கள் எல்லாவற்றிலும் இது தோன்றுவதும் இல்லை என்பவை குறைகள்.

சி-ஃபாஸைவிட நுட்பமான ஒரு சாய முறையின் கதை, முடிவுகளை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு நல்ல பாடம். சி இழைகளில் பல வெளியிடும் சப்ஸ்டன்ஸ் பி என்ற புரதத் துணுக்கு, என்கே1 ஏற்பியோடு சேர்ந்ததும் ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிடும். பேட்ரிக் மேன்டியின் குழு 1995-இல், மிளகாயின் கேப்சைசினை எலியின் பாதத்தில் செலுத்திய சில நிமிடங்களில் முதல் அடுக்கு நியூரான்களில் இந்த ஏற்பிகள் உள்ளே போய்விடுவதைப் படம்பிடித்தது. சப்ஸ்டன்ஸ் பி உண்மையிலேயே வெளியானது, சேர வேண்டிய செல்லைச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. 1997-இல் அதே குழு, சப்ஸ்டன்ஸ் பி-யோடு சபோரின் என்ற நஞ்சை இணைத்துத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தியது. அந்த ஏற்பியுள்ள செல்கள் மட்டும் நஞ்சை விழுங்கி அழிந்தன, மிகைவலி (தூண்டுதலுக்கு வழக்கத்தைவிட மிகுந்த வலி எதிர்வினை) வெகுவாகக் குறைந்தது. இதற்கிடையே மருந்து நிறுவனங்கள் என்கே1 தடுப்பான்களை உருவாக்கிக்கொண்டிருந்தன. விலங்குச் சோதனைகளில் நம்பிக்கை தந்த அவை, மனிதர்களின் வலியில் தோற்றன. அவற்றுள் ஒன்றான அப்ரிபிடன்ட் 2003 முதல் புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தியைத் தடுக்கப் பயன்படுகிறது. சோதனைகள் பொய் சொல்லவில்லை. செல்லை அழிப்பதும், அச்செல்லின் பல ஏற்பிகளுள் ஒன்றை மட்டும் மூடுவதும் ஒன்றல்ல. அதே செல்லுக்குக் குளூட்டமேட் வழியாகவும் செய்தி வருகிறது. ஒரு ஏற்பியை மூடினாலும் செல் மூளையோடு பேசிக்கொண்டே இருக்கும்.

மரபணு முறைகளைப் பற்றி விரைவாகச் சொல்கிறேன், அவை வேகமாக மாறிவருகின்றன. குறிப்பிட்ட மரபணுவை வெளிப்படுத்தும் செல்களில் மட்டும் ஒளியால் திறக்கும் அயனிவாய்க்காலையோ, டிப்தீரியா நஞ்சுக்கான மனித ஏற்பியையோ அமைத்து, அவற்றை வேண்டும்போது எழுப்பலாம், அடக்கலாம், அழிக்கலாம். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், சுண்டெலியின் தண்டுவடத்தில் சோமாடோஸ்டாடின் என்ற புரதத் துணுக்கை உருவாக்கும் கிளர்த்தும் செல்களை அழித்தபோது குத்தல், கிள்ளல் போன்ற இயந்திரவகைத் தூண்டுதலுக்கான எதிர்வினை பெரிதும் மறைந்தது; டைனார்ஃபின் என்ற துணுக்கை உருவாக்கும் அடக்கும் செல்களை அழித்தபோது மெல்லிய தொடுதலுக்கே கால் விலகியது. வாயில் கோட்பாட்டின் ஒரு புதிய வடிவம் இது. ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்று பார்க்கும் தனிச்செல் ஆர்என்ஏ ஆய்வு 2018-இல் சுண்டெலியின் பின்கொம்பில் கிளர்த்தும் வகைகள் 15, அடக்கும் வகைகள் 15 என்று பிரித்தது. உயிருள்ள விலங்கில் கால்சியத்துக்கு ஒளிரும் புரதங்களைக் கொண்டு பல செல்களை ஒருசேரப் பார்க்கும் முறையும் வந்துவிட்டது. ஆனால் மூச்சு விடும்போதெல்லாம் தண்டுவடம் அசைவதும், மேலே படர்ந்துள்ள மயலின் இழைகள் ஒளியைச் சிதறடிப்பதும் அதை மேலடுக்குகளோடு நிறுத்திவிடுகின்றன.

இனி நடத்தைச் சோதனைகள். 1941-இல் டாமோரும் ஸ்மித்தும் விவரித்த வால் விலக்கச் சோதனையில், எலியின் வாலில் ஒளிவெப்பம் பட்டதும் எத்தனை நொடியில் வால் விலகுகிறது என்று அளப்பார்கள். தண்டுவடத்தை மார்புப் பகுதியில் வெட்டிவிட்டாலும் இந்த விலக்கம் நீடிக்கிறது; எனவே இது தண்டுவட அனிச்சையை அளக்கிறது, வலியை அல்ல. 50 முதல் 55 டிகிரி வரையுள்ள சூட்டுத்தட்டில் பாதத்தை நக்குவதற்கும் குதிப்பதற்கும் மூளையும் வேண்டும். மெல்லிய நைலான் இழைகளால் பாதத்தை அழுத்தும் வான் ஃப்ரை சோதனை, நரம்புக் காய மாதிரிகளில் இன்று எங்கும் உள்ளது. தசையைத் தளர்த்தும் எந்த மருந்தும் இவற்றில் வலிநிவாரணி போலவே தோன்றும் என்பதால், சுழலும் உருளையில் விலங்கு நிற்கிறதா என்ற சோதனையும் உடன் செய்யப்பட வேண்டும்.

தண்டுவடத்துக்கு மட்டும் மருந்தைச் சேர்க்கும் வழியை டோனி யாக்ஷும் ருடியும் 1976-இல் அமைத்தார்கள். தலைக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள சவ்வின் வழியே மெல்லிய பாலிஎத்திலீன் குழாயைச் செலுத்தி, இடுப்புத் தண்டுவடம் வரை இறக்கி, விழித்திருக்கும் எலிக்கு 10 மைக்ரோலிட்டர் அளவில் மார்பின் கொடுத்தபோது, மூளையைத் தொடாமலே வலிநீக்கம் கிடைத்தது. 1979-இல் மனிதர்களுக்கு அதே வழியில் மார்பின் கொடுக்கப்பட்டது. கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்து வந்த சிகோனோடைடு, நரம்பு முனைகளின் என் வகைக் கால்சிய வாய்க்காலை அடைத்து அமெரிக்காவில் 2004-இல் ஒப்புதல் பெற்றதும் இந்த வழியில்தான்.

தூண்டினால் காலை இழுப்பதை மட்டுமே அளந்துகொண்டிருந்தால், தூண்டாமலே தொடரும் வலி கணக்கில் வராது. நோயாளிகள் முறையிடுவதோ பெரும்பாலும் அதைத்தான். இதற்கு 2009-இல் ஃபிராங்க் பொரெகாவின் குழு கண்ட வழி எளிமையானது. நரம்புக் காயம்பட்ட எலிக்கு ஓர் அறையில் தண்டுவடத்தில் குளோனிடைன் என்ற வலிநீக்கும் மருந்தையும், மற்றோர் அறையில் உப்புநீரையும் கொடுத்துவிட்டு, பிறகு மருந்தின்றி இரு அறைகளுக்கும் போகும்படி விடுவார்கள். காயம்பட்ட எலி மருந்து பெற்ற அறையை நாடியது. காயமில்லாத எலி நாடவில்லை. ஏற்கெனவே இருந்த ஒன்றிலிருந்து விடுதலை கிடைத்த இடத்தையே அது தேர்ந்தது என்று கொள்ளலாம். விலங்கு வலியை அளப்பதில் கடந்த சில பத்தாண்டுகளில் வந்தவற்றுள் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இந்த முறையே.

ஜெஃப்ரி மோகிலின் ஆய்வகம் எழுப்பிய இரு எச்சரிக்கைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தாலே எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மன அழுத்தம் கூடி வலி எதிர்வினை குறைகிறது என்று 2014-இலும், மைக்ரோகிளியாவைத் தடுத்தால் ஆண் சுண்டெலிகளில் மட்டுமே மிகைவலி குறைகிறது, பெண் சுண்டெலிகளில் இல்லை என்று 2015-இலும் அங்கிருந்து கட்டுரைகள் வந்தன. அதுவரை மைக்ரோகிளியாவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஆண் விலங்குகளை மட்டும் பார்த்து எழுதப்பட்டது.

மனிதரில் நேரடி வழிகள் சிலவே. கணுக்காலுக்குப் பின்னுள்ள சூரல் நரம்பை மின்தூண்டி, தொடையின் பின்தசையில் ஏறத்தாழ 90 முதல் 150 மில்லி நொடிக்குள் வரும் விலக்க அனிச்சையைப் பதிவு செய்வது ஒன்று. அதன் தொடக்க அளவு, ஆள் வலி என்று சொல்லும் அளவுக்கு நெருக்கமாக இருப்பதை வில்லேர் 1970-களில் காட்டினார். மற்றொன்று செயல்சார் எம்ஆர்ஐ, அதாவது எந்தப் பகுதி செயல்படுகிறது என்று காட்டும் காந்தப் படமெடுப்பு. விரலளவே குறுக்களவுள்ள தண்டுவடம், துடிக்கும் திரவத்துக்குள் நெளிந்துகொண்டிருப்பதால் படம் எடுப்பது கடினம். இருந்தும் 2009-இல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள், மருந்தே இல்லாத களிம்பை வலிநிவாரணி என்று நம்பியவர்களின் பின்கொம்பில் எதிர்வினை குறைவதைக் கண்டார்கள்.

மாணவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மின்பதிவு மேசையும் மரபணு மாற்றிய சுண்டெலிகளும் இல்லாத இடத்தில், ஃபார்மலின் சோதனையையும் சி-ஃபாஸ் சாயத்தையும் ஒரே விலங்கில் இணைப்பதே என் பரிந்துரை. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்த பின், எலியின் ஒரு பின்னம்பாதத்தில் நீர்த்த ஃபார்மலினைச் செலுத்தினால், முதல் சில நிமிடங்களில் ஒரு கட்டமும், இடையில் அமைதியும், சுமார் 15 நிமிடத்துக்குப் பின் ஒரு மணி நேரம் வரை இரண்டாம் கட்டமுமாகப் பாதத்தை உதறுவதும் நக்குவதும் நிகழும். முதலாவது பெரும்பாலும் இழைகள் நேரடியாக எழுவதால் வருவது. இரண்டாவதில் வீக்கத்தின் பங்கும் தண்டுவட மாற்றத்தின் பங்கும் கலந்திருக்கின்றன. ஆகவே ஒரு மருந்து இரண்டாம் கட்டத்தை மட்டும் குறைத்தால், அது தண்டுவடத்தில்தான் செயல்பட்டது என்று எழுதிவிடக் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்து, ஆழ்ந்த மயக்கத்தில் 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடைப் பாய்ச்சித் திசுவைப் பதப்படுத்தி, நான்காவது, ஐந்தாவது இடுப்புத் துண்டங்களைச் சீவிச் சாயமேற்றலாம். முதலிரு அடுக்குகளையும் ஐந்தாம் அடுக்கையும் தனித்தனியே எண்ணுங்கள். ஊசி போடாத மறுபக்கத்தையும், உப்புநீர் மட்டும் பெற்ற விலங்குகளையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். ஆண், பெண் இரு பாலிலும் செய்யுங்கள். எந்தச் சீவல் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியாத ஒருவர்தான் புள்ளிகளை எண்ண வேண்டும்; அதற்கான குறியீட்டுத் தாளைச் சோதனை தொடங்கும் நாளிலேயே வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.